ஆலோசனை அறையும் அமானிதக் கணக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வரவு செலவு அறிக்கையை முன்வைத்து ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

வரவு செலவு அறிக்கை அச்சிடப்பட்டு உங்கள் கரங்களில் தரப்பட்டுள்ளது. சந்தா, கடை வாடகை, மின்கட்டணம், கபரஸ்தான் சுற்றுச்சுவர் என்று அதில் உள்ளவற்றை மீண்டும் படித்துக் காட்டி உங்கள் நேரத்தைப் போக்க நாம் விரும்பவில்லை. அவ்வறிக்கையில் இவ்வாண்டு புதிதாக ஒரு தலைப்பு இடம்பெற்றிருக்கிறது. 'நஸீஹத் நிதி' என்னும் அத்தலைப்பின் கீழுள்ள தொகை மற்றவற்றோடு ஒப்பிடச் சிறியது. ஆயினும் கடந்த சில மாதங்களாகப் பள்ளிவாசல் வராந்தாவிலும் தேநீர்க் கடையிலும் அதிகமான கேள்விகள் அதைப் பற்றியே எழுந்து வந்துள்ளன. ஆகவே இன்றைய நேரத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை ஹஜ்ரத் அவர்கள் ஆலோசனை அறையில் அமர்ந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே வருவோர் பலதரப்பட்டவர்கள். கணவன் மனைவி பிணக்கு, மதுவுக்கு அடிமையான மகன், தாங்கவொண்ணாத கடன், துணையை இழந்த துயரம், தொழுகையில் மனம் ஒன்றாத கவலை, தவ்பாச் செய்ய விரும்பியும் எங்கே தொடங்குவதென்று தெரியாத தவிப்பு என ஒவ்வொருவரும் ஒரு பாரத்தைச் சுமந்து வருகிறார்கள். சிலர் ஒருமுறை வந்து போகிறார்கள். சிலர் தம் நஃப்ஸைச் சீர்படுத்திக்கொள்ள மாதக்கணக்கில் தொடர்ந்து வருகிறார்கள். பெண்களுக்கென ஆலிமா ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் பகுதியில் அமர்கிறார்.

வருகின்றவர் எழுந்து செல்லும்போது முஸாஃபஹாச் செய்வார். அந்தக் கைகுலுக்கலுக்குள் மடித்த நோட்டு ஒன்று இருக்கும். நூறாகவும் இருக்கலாம், ஐந்நூறாகவும் இருக்கலாம். அன்பினால் கொடுப்பது அது. தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் நடந்து வரும் பழக்கம். இதில் கேடென்ன என்று கேட்கத் தோன்றும்.

கேடு நோட்டில் இல்லை. கையில் வைக்க நோட்டு இல்லாதவர் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறாரே, அங்கே இருக்கிறது. ஹஜ்ரத் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், முன்னால் சென்றவர் கொடுத்ததைக் கண்ட ஏழை வெறுங்கையோடு உள்ளே நுழையக் கூசுகிறார். வாரக் கடைசியில் கூலி கிடைத்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுகிறார். மனம் நொந்த வேளையில் நல்வழி தேடும் ஒருவருக்கு அந்த நாலைந்து நாட்கள் எத்தகையவை என்பதை அனுபவித்தவரே அறிவார். மறுபுறம், தாராளமாகக் கொடுக்கும் செல்வந்தரின் குடும்பப் பிணக்கில் அவருடைய தவறை அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் கடமையும் அதே ஆலிமுக்கு இருக்கிறது. அவர் எவ்வளவு தக்வா உடையவராயினும், கொடுத்தவருக்கு ஓர் எதிர்பார்ப்புப் பிறந்துவிடுகிறது. கேட்கின்ற மற்றொரு தரப்பாருக்கு ஓர் ஐயம் பிறந்துவிடுகிறது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் விரும்பிக் கேட்டவர் ஹஜ்ரத் அவர்களே. ஆகவே இது அவர்மீது கொண்ட ஐயத்தால் விளைந்தது என்று எவரும் எண்ண வேண்டாம்.

மார்க்கப் பணிக்கு ஊதியம் பெறலாமா என்ற கேள்வியை நம் முன்னோர்கள் மிக ஆழமாக ஆய்ந்திருக்கிறார்கள். சஹாபாக்களின் குழுவொன்று பயணத்தில் தங்கியபோது, அப்பகுதித் தலைவரை விஷஜந்து தீண்டிவிட, அவர்களுள் ஒருவர் சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிப் பார்த்து, பேசியபடி ஆடுகளைப் பெற்றுக்கொண்டார். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு தமக்கும் ஒரு பங்கு வைக்கும்படி கூறினார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. மற்றொரு புறம், திண்ணைத் தோழர்களுக்குக் குர்ஆனைக் கற்றுக்கொடுத்த உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுக்கு மாணவர் ஒருவர் வில்லொன்றை அன்பளிப்பாகத் தந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைக் குறித்துக் கடுமையாக எச்சரித்ததாக அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. இவ்விரண்டையும் முன்வைத்தே ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஷாஃபி மத்ஹபினர் ஊதியத்தை அனுமதித்தனர். முற்கால ஹனஃபி அறிஞர்கள் மறுத்தனர். பைத்துல் மாலிலிருந்து ஆலிம்களுக்கு வந்துகொண்டிருந்த உதவிகள் நின்றுபோன பிற்காலத்தில், கற்பிப்போர் இல்லாமல் கல்வியே அழிந்துவிடும் என்று அஞ்சி, பிற்கால ஹனஃபி அறிஞர்களும் அனுமதித்தனர். இதன் கருத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சமுதாயம் பொதுவிலிருந்து கொடுக்கத் தவறியபோதுதான் கற்பவரிடமிருந்தே பெறவேண்டிய நிலை வந்தது. பொதுவிலிருந்து கொடுக்கும் முறையே முந்தியது.

கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணிகளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டதும், வழியில் தடுத்த தோழர்கள் பைத்துல் மாலிலிருந்து அவர்களின் குடும்பத்துக்கான தொகையை நிர்ணயித்ததும் நாம் அறிந்த வரலாறு. தொகை முன்கூட்டியே பேசப்பட்டது, பலரறிய வழங்கப்பட்டது. பணிக்கு உரியவரின் கண்ணியம் அதனால் குறைந்துவிடவில்லை.

இப்போது ஹதியாவுக்கு வருவோம். அஸ்த் கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அம்மனிதர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். இவ்வுரையில் நாம் சொல்ல வந்த முழு விஷயமும் இந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது. கொடுத்தவர் எப்பெயரில் கொடுத்தார் என்பதை வைத்து ஒரு தொகையின் கணக்குத் தலைப்பை முடிவுசெய்ய இயலாது. அது எதன் காரணமாக வந்தது என்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே வினாவைத்தான் கேட்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பி. கிருஷ்ண மேனன் என்பவர் வேதாந்தம் போதித்து வந்தார். கட்டணம் கேட்டவர் அல்லர். இங்கிலாந்தைச் சேர்ந்த லெவி என்ற சீடர் பலமுறை வந்து அவரிடம் பாடம் கேட்டார். பின்னர் லண்டன் வங்கிக் கணக்கு வழியாகப் பெருந்தொகைகளை அவருக்கு அளித்தார். இவை அன்பின் பெயரால் வந்த கொடைகளே, வருமானம் ஆகா என்று மேனன் தரப்பில் வாதிடப்பட்டது. 1959ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லாப நோக்கம் இல்லாவிடினும் போதிப்பது ஒரு பணியே. அப்போதனையைப் பெற்றதனால்தான் சீடர் தொகையை அளித்தார். எனவே அது வருமான வரிக்கு உரியது என்று தீர்ப்பாயிற்று. ஆன்மிக வழிகாட்டலுக்குக் காணிக்கையாக வரும் தொகை குறித்து நம் நாட்டில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

தனி நபர் ஒருவர் உறவினரல்லாதாரிடமிருந்து ஓராண்டில் பெறும் பண அன்பளிப்புகள் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாத வரை அவற்றுக்கு வரியில்லை என்று கேள்விப்பட்டு, ஹதியா எல்லாம் அதில் அடங்கிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். பணியின் காரணமாக வந்த தொகை அன்பளிப்பு என்ற பிரிவிலேயே சேராது. அதற்கு அந்த வரம்பு பொருந்தாது. நம் ஆலிம்களில் பெரும்பாலோரின் வருமானம் வரி கட்ட வேண்டிய அளவை எட்டுவதில்லை என்பது வேறு விஷயம். அது வருந்தத்தக்க விஷயமும்கூட.

மேலும், நமது பள்ளிவாசல் வக்ஃபுச் சொத்து. மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான கணக்கை முத்தவல்லி வக்ஃபு வாரியத்திடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுப் பங்களிப்பு முன்னர் நிகர வருமானத்தில் 7 சதவீதம் வரை என்றிருந்து, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அத்திருத்தத்தின் மற்ற பகுதிகள் பற்றிச் சமுதாயத்தில் உள்ள வேதனையை நாம் இங்கே பேசப் புகவில்லை. அந்த வருமானத்தைக் கணக்கிடுகையில், மூலதனத்துக்கென்றே தரப்பட்டவை நீங்கலாக, நஜ்ரானாக்களும் காணிக்கைகளும் சேரும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். ஜமாஅத்தின் பெயரால் பெற்றதை ஏட்டில் ஏற்றாமல் விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆக, நாம் செய்திருக்கும் ஏற்பாடு இதுதான். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. மேலைநாடுகளில் கிறிஸ்தவ சமூகத்தாரிடையே ஆன்மிக வழிகாட்டல் தனிப் பணியாகவே நடைபெறுகிறது. அங்கே அமர்வுக்கு இவ்வளவு என்று தொகை வகுத்து, வருவோரின் வருமானத்துக்கேற்ப அதைக் குறைத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அவர்கள் சூழலில் அது நேர்மையான முறையே. என்ன கொடுப்பது என்ற தடுமாற்றம் அதில் இல்லை. நம் மஹல்லாவுக்கு அது பொருந்தாது என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. ஒருவர் தம் வறுமையை எடுத்துச்சொல்லித்தான் கட்டணக் குறைப்புப் பெறவேண்டும் என்றால், நாம் நீக்க விரும்பும் கூச்சம் வேறு வடிவில் உள்ளே வந்துவிடும்.

ஹஜ்ரத் அவர்களுக்கும் ஆலிமா அவர்களுக்கும் இப்பணிக்கென ஒரு மாதத் தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. இமாமத் சம்பளத்தோடு இதைக் கலக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வங்கி வழியாகச் செலுத்தி, வவுச்சரில் கையொப்பம் பெறுகிறோம். எத்தனை பேர் வந்தார்கள், எவர் எவ்வளவு தந்தார் என்பதற்கும் இத்தொகைக்கும் தொடர்பில்லை. ஒரு மாதம் நிதியில் வரவு குறைந்தால், இமாம், முஅத்தின் பராமரிப்புக்கென வக்ஃபு செய்யப்பட்ட கடைகளின் வாடகையிலிருந்து ஈடுசெய்கிறோம். வரவு மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்கிறோம். ஜகாத் நிதியிலிருந்து ஒரு பைசாவும் இதற்கு எடுக்கப்படுவதில்லை. எட்டு வகையினருக்கு உரியதை ஊதியமாக மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை. ஜகாத் கணக்கு தனி வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது.

ஹதியா கொடுக்க விரும்புவோருக்குத் தலைவாசல் வராந்தாவில் உண்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆலோசனை அறைக்குள் ஏன் வைக்கவில்லை என்று ஒரு சகோதரர் கேட்டார். அறைக்குள் இருந்தால் யார் போட்டார், யார் போடவில்லை என்பது அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். வராந்தாவில் அது தெரியாது. அருகிலேயே யுபிஐ குறியீட்டு அட்டை ஒட்டப்பட்டுள்ளது. அது ஜமாஅத்தின் வங்கிக் கணக்குக்கு உரியது. தனி நபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அப்படி வந்துவிட்டால் ஹஜ்ரத் அவர்கள் அன்றே அதை ஜமாஅத் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். அந்த மாற்றத்துக்கும் ரசீது எழுதப்படுகிறது.

ஜும்ஆ நாளன்று அஸருக்குப் பின், நிர்வாகக் குழுவில் ஒருவரும் குழுவில் இல்லாத ஜமாஅத்தார் ஒருவரும் சேர்ந்து உண்டியலைத் திறந்து எண்ணுகிறார்கள். நோட்டு வாரியாக எழுதி இருவரும் ஒப்பமிடுகிறார்கள். திங்கட்கிழமை அத்தொகை முழுவதும் வங்கியில் கட்டப்படுகிறது. இந்த 'முழுவதும்' என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்கிறோம். உண்டியல் பணத்திலிருந்தே தேநீருக்கும் பல்புக்கும் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டுவது பல பள்ளிவாசல்களில் காணும் வழக்கம். எண்ணிய தொகையும் வங்கிச் சீட்டில் உள்ள தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து எந்த ஆடிட்டராலும் அதைச் சரிபார்க்க முடியாது. சில்லறைச் செலவுக்கு வேறாக ஒரு முன்பணம் வங்கியிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. செலவானதற்கு வவுச்சர் கொடுத்தால்தான் அது மீண்டும் நிரப்பப்படும். ரசீதுப் புத்தகத்தில் தவறாக எழுதிய ரசீது கிழித்தெறியப்படுவதில்லை. குறுக்கே கோடிட்டு, மூலமும் நகலும் அப்படியே புத்தகத்தில் இருக்கும். மாத முடிவில் ரொக்கப் புத்தகமும் வங்கி அறிக்கையும் ஒப்பிடப்படுகின்றன.

மற்ற கணக்குகளுக்கு இல்லாத ஒரு கவலை இந்தக் கணக்குக்கு உண்டு. கபரஸ்தான் சுவருக்கு யார் கொடுத்தார் என்பதைப் பலகையில் எழுதலாம். நஸீஹத் நிதிக்கு யார் கொடுத்தார் என்று எழுதினால், அவர் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று ஊர் பேசும். ஆகவே ரசீதில் நிதியின் பெயர் அச்சிடப்படுவதில்லை. ஒரு குறியீட்டு எண் மட்டுமே இருக்கிறது. சிறு தொகைக்குப் பெயர் எழுதுவதும் அவரவர் விருப்பம். ஹஜ்ரத் அவர்கள் தம் நினைவுக்காக ஏதேனும் குறித்து வைத்தால் அந்த ஏடு அவரிடமே இருக்கும். அதற்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் எண்ணாலோ தேதியாலோ இணைப்புக் கிடையாது. யுபிஐயில் அனுப்புவோரின் பெயர் வங்கி அறிக்கையில் வரத்தான் செய்யும். அவ்வறிக்கையைப் பொருளாளரும் ஆடிட்டரும் மட்டுமே பார்க்கிறார்கள். குழுக் கூட்டத்துக்கு அன்றாட மொத்தம் மட்டுமே வருகிறது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் சிலர் தம் குடும்ப விஷயத்தையும் துஆக் கோரிக்கையையும் எழுதிவிடுகிறார்கள். அன்புகூர்ந்து அதைத் தவிர்த்துவிடுங்கள். அது வங்கியின் ஏட்டில் நிலைத்துவிடும்.

ஆலோசனைக்கு வருவோரில் சிலருக்குத் தேவைப்படுவது மருத்துவம். மனநோயின் அறிகுறி காணும்போது ஹஜ்ரத் அவர்கள் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறார். பேருந்துக் கட்டணத்துக்கும் வழியில்லாதவருக்கு இந்நிதியிலிருந்தே கொடுக்கிறோம். வவுச்சரில் 'பயணச் செலவு' என்று மட்டுமே இருக்கும். அதற்குமேல் விவரம் கேட்க வேண்டாம் என்று உள்தணிக்கை செய்யும் சகோதரர்களிடமும் சொல்லி, அவர்களும் இசைந்திருக்கிறார்கள்.

இனி, எழுந்த ஆட்சேபங்கள். பெருநாளன்று ஹஜ்ரத்துக்குத் துணிமணி எடுத்துக் கொடுப்பதையும் உண்டியலில்தான் போட வேண்டுமா என்று ஒரு பெரியவர் சற்று மனவருத்தத்தோடு கேட்டார். இல்லை. பெருநாள் அன்பளிப்பை மஹல்லாவில் எல்லோரும் எல்லோருக்கும் கொடுக்கிறோம். அண்டை வீட்டார் அனுப்பும் பிரியாணிக்கும், பழைய மாணவர் உம்ராவிலிருந்து கொண்டுவரும் பேரீச்சம்பழத்துக்கும் ரசீது எழுதும் அளவுக்கு நாம் வறண்டுபோய்விடவில்லை. ஆனால் பஞ்சாயத்தில் இருக்கும் ஒரு பிணக்கு முடிவதற்குள் அதில் ஒரு தரப்பார் அனுப்பும் பெருநாள் துணி வேறு வகையைச் சேர்ந்தது. அதை ஹஜ்ரத் அவர்களே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஆலிமிடம் கணக்குக் கேட்பது அதபுக்கு மாறானது என்றும் சிலர் கருதுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களின் உடைமைகளைப் பதிவுசெய்து வைத்தார்கள். அவ்வாறு பதியப்பட்டவர்களில் சிறந்த சஹாபாக்கள் இருந்தார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடைய வேண்டாம் என்று அதில் வருவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நூறு ரூபாய்க்கு ரசீதா என்று கேட்போருக்கு நாம் சொல்லும் பதில் அதுவே.

கைக்குள் வைத்துக் கொடுப்பதில்தான் பரக்கத் என்ற எண்ணமும் உள்ளது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத அளவுக்கு மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை நாம் ஹதீஸில் படித்திருக்கிறோம். பெறுபவரே அறியாதபடி கொடுக்க இந்த உண்டியல் வழிசெய்திருக்கிறது.

நஸீஹத் நிதியின் ரொக்கப் புத்தகமும் வவுச்சர்களும் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் லுஹர் வரை அலுவலகத்தில் ஜமாஅத்தார் பார்வைக்கு வைக்கப்படும். உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி முத்தவல்லியிடமும், மற்றொன்று குழுவில் இல்லாத ஒருவரிடமும் இருக்கும். அவ்விரண்டாவது சாவியை வரும் ஆண்டுக்கு யாரிடம் ஒப்படைப்பது என்பதையும், உள்தணிக்கைக்கு இருவரையும் இக்கூட்டமே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்களை முன்மொழியுமாறு கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.